பழைய கார், பழைய படகு: இன்சூரன்ஸ் மதிப்பு எப்படி முடிவாகிறது? கிளைம் நேரத்தில் கைக்கு எவ்வளவு வரும்?

2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா கடலோரத்தில் படகுகளை நொறுக்கிப் போட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் சென்னையில் தெருத் தெருவாக கார்கள் மூழ்கின. ஒவ்வொரு முறையும் தண்ணீர் வடிந்ததும் எழும் கேள்வி ஒன்றுதான்: "இன்சூரன்ஸ் இருக்கு... ஆனா எவ்வளவு வரும்?"

போன வருஷம் வாங்கிய காருக்கு இந்தக் கேள்விக்கு விடை எளிது. 15 வருஷ மரப்படகுக்கும், அப்பா காலத்து அம்பாசடருக்கும், லட்சக்கணக்கில் செலவழித்துப் புதுப்பித்த ஹெரால்டுக்கும் அது அவ்வளவு எளிதல்ல. உரிமையாளர் மனதில் ஒரு விலை, சந்தையில் ஒரு விலை, பாலிசி தாளில் ஒரு தொகை என்று மூன்றும் மூன்று திசையில் நிற்கும். கிளைம் நேரத்தில் பேசுவது பாலிசி தாளில் உள்ள தொகையும், அதற்குக் கீழே உள்ள நிபந்தனையும்தான்.

அந்தத் தொகை எப்படி வருகிறது? அதை முன்கூட்டியே சரிசெய்ய முடியுமா? பார்க்கலாம்.

'மதிப்பு' என்றால் எந்த மதிப்பு?

ஒரே வண்டிக்கு குறைந்தது மூன்று மதிப்புகள் உண்டு.

சந்தை மதிப்பு: இன்று விற்றால் என்ன கிடைக்கும் என்பது.

மாற்று மதிப்பு: அதே போன்ற ஒன்றைப் புதிதாக வாங்கவோ, கட்டவோ ஆகும் செலவு. பழைய படகுக்கு இது சந்தை விலையைவிட பல மடங்கு இருக்கலாம்.

ஒப்புக்கொண்ட மதிப்பு: பாலிசி எடுக்கும்போதே உரிமையாளரும் நிறுவனமும் பேசி எழுதிக்கொள்ளும் தொகை.

இதில் கவனிக்க வேண்டியது, மதிப்பு எப்போது முடிவாகிறது என்பதைத்தான். விபத்துக்கு முன்பே முடிவானால் பிறகு பேரம் இல்லை. விபத்துக்குப் பிறகு முடிவானால், நொறுங்கிக் கிடக்கும் பொருளைக் காட்டி 'நல்லா இருந்துச்சு சார்' என்று நிரூபிக்க வேண்டிய நிலை உரிமையாளருக்கு வரும்.

கார்: ஐ.டி.வி. கணக்கு

இந்தியாவில் கார் பாலிசியில் இருக்கும் முக்கியமான எண் ஐ.டி.வி. வண்டி திருடு போனாலோ, சரிசெய்ய முடியாத அளவுக்கு சேதமானாலோ கிடைக்கும் அதிகபட்சத் தொகை இது.

பலரும் நினைப்பதுபோல நீங்கள் வாங்கிய விலையில் இருந்து இது கணக்கிடப்படுவதில்லை. பாலிசி தொடங்கும்போது அந்த மாடலுக்கு தயாரிப்பு நிறுவனம் பட்டியலிட்டுள்ள விற்பனை விலைதான் அடிப்படை. அதில் இருந்து வண்டியின் வயதுக்கு ஏற்ப தேய்மானம் கழிப்பார்கள். 2002-ல் நடைமுறைக்கு வந்த இந்திய மோட்டார் டாரிஃப் வகுத்த அந்தப் பட்டியல் இது:

- 6 மாதம் வரை: 5 சதவீதம்
- 6 மாதம் முதல் 1 ஆண்டு வரை: 15 சதவீதம்
- 1 முதல் 2 ஆண்டு வரை: 20 சதவீதம்
- 2 முதல் 3 ஆண்டு வரை: 30 சதவீதம்
- 3 முதல் 4 ஆண்டு வரை: 40 சதவீதம்
- 4 முதல் 5 ஆண்டு வரை: 50 சதவீதம்

உதாரணத்துக்கு, 10 லட்சம் ரூபாய் பட்டியல் விலை உள்ள காருக்கு நாலரை வயது என்றால் ஐ.டி.வி. 5 லட்சம்.

இதில் உரிமையாளருக்கு சாதகமான ஒரு விஷயமும் இருக்கிறது. பாலிசியில் எழுதப்பட்ட ஐ.டி.வி.தான், முழு இழப்பு கிளைமுக்கு அந்த ஆண்டு முழுவதும் சந்தை மதிப்பாகக் கருதப்படும். பாலிசி எடுத்து 11-வது மாதம் வண்டி திருடு போனாலும் கூடுதலாகத் தேய்மானம் கழிக்கக் கூடாது.

5 ஆண்டு தாண்டினால் பட்டியலே இல்லை

மேலே உள்ள பட்டியல் 5 ஆண்டோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு?

5 ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கும், தயாரிப்பு நிறுத்தப்பட்ட மாடல்களுக்கும் ஐ.டி.வி.யை நிறுவனமும் வாடிக்கையாளரும் பேசி முடிவு செய்ய வேண்டும் என்பதுதான் விதி. 2014-ல் தயாரிப்பு நின்றுபோன அம்பாசடரும் இந்தக் கணக்கில்தான் வரும்.

ஆனால் நடைமுறையில் இந்தப் 'பேச்சு' பெரும்பாலும் நடப்பதே இல்லை. ஆன்லைனில் புதுப்பிக்கும்போது திரையில் ஒரு தொகை வரும். பிரீமியம் குறைவாக இருந்தால் சந்தோஷமாக பணம் கட்டிவிட்டுப் போய்விடுகிறோம். பேசுவதற்கு உரிமை இருந்தும் பேசாமல் விட்ட இடம் அதுதான்.

குறைந்த ஐ.டி.வி. காரையே பறித்துவிடும், எப்படி?

'பழைய வண்டிதானே, ஐ.டி.வி. குறைவா இருந்தா என்ன, பிரீமியம் மிச்சம்' என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. பழுதுபார்க்கும் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால், அந்த வண்டி முழு இழப்பாகக் கருதப்படும்.

ஒரு பழைய காரை 8 லட்சம் செலவழித்துப் புதுப்பித்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பாலிசியில் ஐ.டி.வி. வெறும் 40,000 ரூபாய். 75 சதவீதம் என்றால் 30,000. பம்பர், பானெட், ஒரு கதவு அடிபட்டாலே பழுதுச் செலவு இதைத் தாண்டிவிடும்.

உடனே அது 'முழு இழப்பு'. நிறுவனம் தரும் அதிகபட்சத் தொகை 40,000. வண்டி உங்களுக்கே வேண்டும் என்றால், அந்த நிலையில் அதற்கு உள்ள விலையைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். ஓடக்கூடிய, சரிசெய்யக்கூடிய கார், காகிதத்தில் காயலான் கடை சரக்காகிவிடும்.

பாகம் மாற்றினால் பாதிதான்

முழு இழப்பு இல்லை, சில பாகங்கள் மட்டும் சேதம் என்றால் ஐ.டி.வி. வேலை செய்யாது. ஒவ்வொரு பாகத்துக்கும் தனித் தேய்மானம் உண்டு. பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரிக்கு வயது எதுவானாலும் 50 சதவீதம். ஃபைபர் பாகங்களுக்கு 30 சதவீதம். கண்ணாடிக்கு கழிவே இல்லை. மற்ற பாகங்களுக்கு வண்டியின் வயதுதான் கணக்கு. 5 முதல் 10 ஆண்டு வரை 40 சதவீதம், 10 ஆண்டு தாண்டினால் 50 சதவீதம்.

12 வயது காருக்கு 1 லட்சம் ரூபாய்க்கு பாகங்கள் மாற்றியதாகக் கொள்வோம். இரும்பு பாகங்கள் 60,000, பிளாஸ்டிக் 30,000, கண்ணாடி 10,000. கிடைப்பது முறையே 30,000, 15,000, 10,000. மொத்தம் 55,000. இதிலும் கட்டாயப் பிடித்தம் போகும். 1,500 சிசி வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய். பெயின்ட் பொருள் செலவில் பாதி போகும். லேபர் கூலிக்கு இந்தத் தேய்மானம் கிடையாது.

இந்தக் கழிவைத் தவிர்க்க உதவும் ஜீரோ டெப் என்ற கூடுதல் பாதுகாப்பு பொதுவாகப் புதிய வண்டிகளுக்குத்தான் கிடைக்கிறது. அதிகம் தேவைப்படும் பழைய வண்டிக்குத்தான் அது கிடைப்பதில்லை.

விண்டேஜ் கார்: 1940-ஆ, 50 ஆண்டா?

ஒப்புக்கொண்ட மதிப்பில் பாலிசி எடுத்தால் இந்தத் தலைவலியில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். இன்சூரன்ஸ் தாளில் 15 லட்சம் என்று எழுதி இரு தரப்பும் ஒப்புக்கொண்டால், முழு இழப்பில் தேய்மானம் இல்லாமல் 15 லட்சம் கிடைக்கும்.

ஆனால் மோட்டார் டாரிஃப் விதிகள் இந்த வசதியை விண்டேஜ் கார்களுக்கு மட்டும்தான் அனுமதித்தன. விண்டேஜ் என்றால் 1940 டிசம்பர் 31-க்கு முன் தயாரானது, விண்டேஜ் அண்ட் கிளாசிக் கார் கிளப் ஆஃப் இந்தியாவின் சான்றிதழ் பெற்றது என்று பொருள். அப்படிப்பட்ட காருக்கு சொந்த சேதப் பிரீமியத்தில் 25 சதவீத தள்ளுபடியும் உண்டு.

இங்கேதான் குழப்பம். 2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவில் இருந்து 50 ஆண்டு தாண்டிய, சொந்த உபயோகத்துக்கான டூவீலரும் காரும் விண்டேஜ்தான். புதிய பதிவுக்கு கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். நம்பர் பிளேட்டில் மாநிலக் குறியீட்டை அடுத்து 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும்.

ஆக, 1960-களில் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆர்.டி.ஓ. கணக்கில் விண்டேஜ். பழைய டாரிஃப் கணக்கில் அது வெறும் 'தயாரிப்பு நின்றுபோன மாடல்'. 'வி.ஏ.' நம்பர் வாங்கிவிட்டால் ஒப்புக்கொண்ட மதிப்பு தானாகக் கிடைத்துவிடும் என்று நினைக்கக் கூடாது. பாலிசி தாளில் எந்த அடிப்படை எழுதியிருக்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும்.

இன்னொன்று. விண்டேஜ் பதிவு பெற்ற வண்டியை தினமும் ஆபீசுக்கு ஓட்டிப்போக முடியாது. கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும்தான் சாலையில் எடுக்கலாம். விதியை மீறி ஓட்டும்போது விபத்து நடந்தால் கிளைமில் கேள்வி எழும்.

படகுக்கு சட்டமே வேறு

கார் கணக்கை அப்படியே படகுக்குப் போட முடியாது. கடலுக்குப் போகும் படகுகளின் காப்பீட்டுக்கு 1963-ம் ஆண்டு கடல்சார் காப்பீட்டுச் சட்டம் இருக்கிறது. இதில் ஐ.டி.வி. என்ற பேச்சே இல்லை. பாலிசிகளை இரண்டு வகையாகத்தான் பிரிக்கிறது.

முதல் வகை, மதிப்பு குறிப்பிட்ட பாலிசி. படகின் மதிப்பு இவ்வளவு என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டு எழுதுவது. மோசடி இல்லாத வரை அந்தத் தொகைதான் இறுதி. காருக்கு விண்டேஜ் என்றால்தான் கிடைத்த வசதி, படகுக்கு சட்டத்திலேயே இருக்கிறது.

இரண்டாவது, மதிப்பு குறிப்பிடாத பாலிசி. இதில் உச்சவரம்புத் தொகை மட்டும் இருக்கும். பாலிசி தொடங்கிய நேரத்தில் படகுக்கு என்ன மதிப்பு இருந்தது என்பதை இழப்புக்குப் பிறகு நிரூபிக்க வேண்டும். மூழ்கிப்போன படகுக்கு இதை எப்படிச் செய்வது? பழைய சர்வே அறிக்கை, இன்ஜின் பில், பழுது பார்த்த ரசீது, போட்டோ இருந்தால்தான் முடியும்.

படகுக்கு மதிப்பு போடும் சர்வேயர்கள் பொதுவாக மூன்றைப் பார்ப்பார்கள். அதே அளவு, அதே வயது படகு என்ன விலைக்குக் கைமாறுகிறது? இன்று புதிதாகக் கட்டினால் என்ன செலவாகும், அதில் வயதுக்கு எவ்வளவு கழிக்கலாம்? உடல்பகுதியும் இன்ஜினும் இப்போது என்ன நிலையில் இருக்கின்றன? கடைசி கேள்விக்கான பதில்தான் உரிமையாளர் கையில் இருக்கிறது. நன்றாகப் பராமரித்த 15 வருஷப் படகு, கவனிக்காமல் விட்ட 8 வருஷப் படகைவிட அதிக மதிப்பு பெறலாம்.

படகு மதிப்பு அதிகம் என்றால் நல்லதுதானே?

எப்போதும் அல்ல. இதை ஒரு கணக்கில் பார்க்கலாம்.

ஒரு படகுக்கு பாலிசியில் ஒப்புக்கொண்ட மதிப்பு 20 லட்சம். சந்தையில் அதன் விலை 12 லட்சம்தான். புயலில் அடிபட்டு, பழுதுச் செலவு 15 லட்சம் வருகிறது.

சட்டப்படி, பழுதுச் செலவு சரிசெய்த பிறகு படகுக்கு இருக்கும் மதிப்பைத் தாண்டினால் அது முழு இழப்புக்குச் சமம். 15 லட்சம் 12 லட்சத்தைத் தாண்டுகிறது. எனவே 20 லட்சம் கேட்கலாம்.

ஆனால் பல படகு பாலிசிகளில், 'இந்த ஒப்பீட்டுக்கும் பாலிசியில் எழுதிய மதிப்பையே எடுத்துக்கொள்வோம்' என்று ஒரு நிபந்தனை இருக்கும். அப்போது 15 லட்சம் 20 லட்சத்தைத் தாண்டவில்லை. முழு இழப்பு ஆகாது. பழுதுச் செலவு மட்டும்தான்.

இன்னும் மோசமான நிலையும் உண்டு. பிரீமியத்தைக் குறைக்க 'முழு இழப்புக்கு மட்டும்' என்ற பாலிசி எடுத்திருந்தால், பகுதி சேதத்துக்கு பணமே கிடையாது. இந்த இரண்டு நிபந்தனைகளும் ஒரே பாலிசியில் இருந்தால், 15 லட்சம் சேதத்துக்கு கைக்கு ஒன்றுமே வராது. அதிக மதிப்பு எழுதியதே எதிராகத் திரும்பிவிடும்.

குறைத்து எழுதினாலும் சிக்கல்

படகின் உண்மை மதிப்பு 20 லட்சம். பிரீமியம் மிச்சம் பிடிக்க 10 லட்சத்துக்கு மட்டும் மதிப்பு குறிப்பிடாத பாலிசி எடுத்தால், மீதிப் பாதிக்கு நீங்களே உங்களுக்கு இன்சூரன்ஸ் கொடுத்துக்கொண்டதாகத்தான் சட்டம் பார்க்கும். 4 லட்சம் சேதம் என்றால் 2 லட்சம்தான் கிடைக்கும். 'பாலிசி 10 லட்சத்துக்கு இருக்கே, 4 லட்சம்தானே கேக்குறேன்' என்ற வாதம் எடுபடாது.

பழைய படகில் எதற்கு பணம் வராது?

சாதாரணத் தேய்மானம், வழக்கமான நீர்க்கசிவு, பூச்சி அரிப்பு ஆகியவற்றுக்கு பாலிசியில் தனியாகச் சொல்லாத வரை பொறுப்பில்லை என்று 1963-ம் ஆண்டு சட்டமே சொல்கிறது. மரம் உளுத்துப்போய் படகு மூழ்கினால், அது புயல் சேதம் அல்ல. கடலுக்குப் போகத் தகுதியில்லாத படகு என்று தெரிந்தே அனுப்பியிருந்தாலும், அந்தக் குறையால் வந்த இழப்புக்கு நிறுவனம் பொறுப்பேற்காது.

வலை, மடி, எக்கோ சவுண்டர், ஜி.பி.எஸ்., வயர்லெஸ் போன்றவை படகின் மதிப்புக்குள் வருகின்றனவா, தனியாகச் சேர்க்க வேண்டுமா என்பதையும் கேட்க வேண்டும்.

பாக் நீரிணைப் பகுதி படகு உரிமையாளர்கள் கவனிக்க வேண்டியது இது. படகுக் காப்பீட்டில் வழக்கமாகப் பயன்படும் நிபந்தனைகளில், பறிமுதல் செய்வதாலும் சிறைபிடிப்பதாலும் வரும் இழப்பு விலக்கப்பட்டிருக்கும். மதிப்பு எவ்வளவு எழுதியிருந்தாலும் அந்த இழப்புக்கு இந்தப் பாலிசி உதவாது.

புதுப்பிக்கும் முன் செய்ய வேண்டியவை

1. பாலிசி தாளில் தொகையை மட்டும் பார்க்காதீர்கள். அது ஐ.டி.வி.யா, ஒப்புக்கொண்ட மதிப்பா, வெறும் உச்சவரம்பா என்று எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள்.

2. 5 ஆண்டு தாண்டிய காருக்கு, திரையில் வரும் தொகை குறைவாகத் தெரிந்தால் அப்படியே ஏற்க வேண்டாம். போட்டோ, பில், சர்வேயரின் மதிப்பீட்டு அறிக்கையோடு நிறுவனத்தின் கிளைக்குப் போய்ப் பேசலாம்.

3. இன்ஜின் மாற்றியது, டீசலில் இருந்து பெட்ரோலுக்கு மாறியது, கேஸ் கிட் போட்டது எல்லாம் ஆர்.சி.யிலும் பாலிசியிலும் ஏறியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்ட மாற்றம் கிளைமை நிறுத்தும்.

4. படகுக்கு சர்வே செய்ய நல்ல நேரம் மீன்பிடித் தடைக்காலம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். எப்படியும் பழுது வேலை நடக்கும் அந்த நேரத்தில் அடிப்பாகம் உட்பட எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, பில்களைச் சேர்த்து வைக்கலாம். படகின் பதிவும் உரிமமும் காலாவதி ஆகாமல் இருக்கட்டும்.

5. ஆவணங்களின் நகலை படகிலோ காரிலோ மட்டும் வைக்காதீர்கள். மூழ்கினால் ஆதாரமும் சேர்ந்து மூழ்கும். மொபைலில் ஒன்று, வீட்டில் ஒன்று இருக்கட்டும்.

தொகையைக் குறைத்தால் எங்கே போவது?

பாலிசி எடுக்கும்போது ஒரு மதிப்பை ஏற்று, அதற்கு பிரீமியமும் வாங்கிய நிறுவனம், விபத்துக்குப் பிறகு 'வண்டி அவ்வளவு போகாது' என்று தன் இஷ்டத்துக்குக் குறைக்க முடியாது. 2008-ல் ஒரு வாகன வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

முதலில் நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். சர்வேயர் அறிக்கையின் நகலையும் கேட்டு வாங்கலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி இல்லாவிட்டாலோ, தனிநபர் பாலிசிதாரர்கள் இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மனிடம் போகலாம். சென்னையில் அலுவலகம் இருக்கிறது, கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. 2023 நவம்பர் முதல் 50 லட்சம் ரூபாய் வரையிலான புகார்களை அவர் விசாரிக்கலாம். நிறுவனம் மறுத்த நாளில் இருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா இணையதளத்திலும் புகார் பதியலாம். நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது.

ஆனால் இதெல்லாம் இழப்புக்குப் பிறகு ஓட வேண்டிய ஓட்டம். பழைய கார், பழைய படகு விஷயத்தில் பேச வேண்டிய நேரம், பாலிசி புதுப்பிக்கச் சொல்லி மொபைலுக்கு மெசேஜ் வரும் அந்த நாள்தான். 'பணம் கட்டு' என்ற பட்டனை அழுத்தும் முன், மதிப்பு என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.